‘க்வோத்’: எஸ்ஸும் ஈடியும் ஒட்டாத பழைய ‘சொன்னான்’

எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ கவிதை 1845 ஜனவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வந்தது. மொத்தம் 18 பத்திகள். அவற்றில் ஐந்து பத்திகள் ஒரே அடியில் முடிகின்றன: ‘க்வோத் த ரேவன், நெவர்மோர்’. அண்டங்காக்கை சொன்னது, ‘இனி ஒருபோதும் இல்லை’ என்று. ‘க்வோத்’ என்ற சொல் பெரும்பாலான வாசகர்களுக்கு அறிமுகமானதே இந்த அடியால்தான். ஆனால் போ வாழ்ந்த காலத்திலேயே அது யார் வாயிலும் இல்லை. அதே கவிதையின் பத்தாம் பத்தியில் அதே பறவை அதே சொல்லைச் சொல்லும்போது, அவரே சாதாரண ‘செட்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஓசைக்கும் பழமை மணத்துக்கும் வேண்டிய இடத்தில் மட்டும் பெட்டியைத் திறந்து பழைய சொல்லை வெளியே எடுத்திருக்கிறார்.

பொருள் எளிது. சொன்னேன், சொன்னான், சொன்னாள், சொன்னது எல்லாவற்றுக்கும் ‘க்வோத்’ என்ற ஒரே வடிவம். எழுத்துகள் க்யூ, யூ, ஓ, டி, ஹெச். ‘இரண்டும்’ என்று பொருள்படும் ‘போத்’ எப்படி ஒலிக்கிறதோ அப்படியே இதுவும் முடியும். துணியைக் குறிக்கும் ‘க்ளாத்’ போலச் சொல்வது பிழை.

சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. இது ஒரு வினைச்சொல், ஆனால் ஒரு வினைக்கு இருக்கவேண்டிய குடும்பம் இதற்குக் கிடையாது. நிகழ்காலம் இல்லை, எதிர்காலம் இல்லை, ‘சொல்லி’, ‘சொல்ல’ போன்ற எச்ச வடிவங்களும் இல்லை. இறந்தகாலம் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் தன்மையிலும் படர்க்கையிலும் மட்டும். எழுவாய் வினைக்குப் பின்னால்தான் வரும். ‘க்வோத் ஹி’ சரி, ‘ஹி க்வோத்’ தவறு. ஒருவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எடுத்துச் சொல்லும்போதுதான் இது வரும். ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்ற அயற்கூற்றுக்கு இது உதவாது. அந்த இடம் ‘செட்’டுக்கு உரியது.

இந்தக் கட்டுப்பாடுகள் பிற்காலத்தில் வந்தவை. தொடக்கத்தில் இது முழுமையான வினையாகவே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவம் ‘க்வெதன்’. ஒருமை இறந்தகாலம் ‘க்வேத்’, பன்மை இறந்தகாலம் ‘க்வேடோன்’, எச்சம் ‘க்வெடென்’. ஜெர்மானிய மொழிகள் பலவற்றில் இதற்கு உறவுகள் உண்டு. கோத்திக் மொழியில் ‘க்விதன்’, பழைய நார்ஸ் மொழியில் ‘க்வேத’. ஐஸ்லாந்தில் ‘ரீமுர்’ எனப்படும் கதைப்பாடல்களை இசைத்துச் சொல்வதற்கு இன்றும் இந்தக் குடும்பத்து வினையைத்தான் சொல்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் சொல்லுதலுக்கு இரண்டு வினைகள் அருகருகே இருந்தன. ‘க்வெதன்’ பெரும்பாலும் நேர்கூற்றின் பக்கம் நின்றது. இன்றைய ‘சே’யின் மூதாதையான ‘செக்கன்’ செய்தியின் பக்கம் நின்றது. காலப்போக்கில் ‘சே’ இரண்டு வேலைகளையும் எடுத்துக்கொண்டது. ‘க்வெதன்’ ஒவ்வொரு வடிவமாக இழந்து, கடைசியில் கதைசொல்லிகளின் கையில் ஒரே ஓர் இறந்தகால வடிவம் மிஞ்சியது.

எழுத்தும் அந்தக் காலத்தில்தான் மாறியது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் நான்கே எழுத்து: சி, டபிள்யூ, ‘ஆஷ்’ என்ற கூட்டெழுத்து, கடைசியில் ‘தோர்ன்’ என்ற எழுத்து. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் சி-டபிள்யூ வந்த இடங்களில் க்யூ-யூ எழுதத் தொடங்கினார்கள். ராணியைக் குறிக்கும் ‘க்வீன்’, விரைவைக் குறிக்கும் ‘க்விக்’, நடுக்கத்தைக் குறிக்கும் ‘க்வேக்’ எல்லாம் அப்படி உடை மாற்றியவைதான். தோர்ன் எழுத்து வழக்கொழிந்து டி-ஹெச் ஆனது. நடுவிலிருந்த உயிரொலி முன்னால் நின்ற டபிள்யூ ஒலியின் பாதிப்பால் உதடு குவிந்து ஓ பக்கம் நகர்ந்தது.

இடைக்காலத்தில் இதன் பிரபலமான வடிவம் டகர ஒலியில் முடியும் ‘க்வாட்’. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் பாத்திரங்கள் வாய் திறக்கும் இடமெல்லாம் ‘க்வாட் ஹி’, ‘க்வாட் ஷி’தான். ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் ‘க்வோத்’ நிலைபெற்றுவிட்டது. 1593இல் வெளிவந்த ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’ நெடுங்கவிதையில் இது அடிக்கடி தலைகாட்டும். 1798இல் கவிஞர் கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமி ‘ஒரு கப்பல் இருந்தது’ என்று கதையைத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு ‘க்வோத் ஹி’ நிற்கிறது. அங்கே அது முழுக்க வேண்டுமென்றே பூசிய பழைய சாயம்.

இவ்வளவு குறைபட்ட ஒரு வினை ஏன் அத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது? அது வினையாகச் செய்ததைவிட நிறுத்தக்குறியாகச் செய்த வேலைதான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. ஆங்கில அச்சில் பேச்சைச் சுற்றி மேற்கோள் குறி இடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. அதற்கு முன் எங்கே கதைசொல்லி நிற்கிறார், எங்கே பாத்திரம் பேசுகிறது என்பதைச் சொற்களே காட்டவேண்டியிருந்தது. பேச்சின் முதல் சில சொற்களுக்குப் பின் ‘க்வோத் ஹி’ என்று செருகினால் போதும், கேட்பவருக்குக் குரல் மாறியது புரிந்துவிடும். குறியே இல்லாத ஓலைச்சுவடியில் ‘என’வும் ‘என்று’ம் பேச்சின் முடிவைக் காட்டியது இதே வேலைதான். மேற்கோள் குறி வந்ததும் ‘க்வோத்’துக்கு வேலை போயிற்று.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேற்கோள் காட்டுவதைக் குறிக்கும் ‘க்வோட்’டும் இந்த ‘க்வோத்’தும் உறவல்ல. ஓர் எழுத்துதான் வித்தியாசம், பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் வேர் வேறு. ‘க்வோட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘எத்தனை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, நூலின் பகுதிகளுக்கு எண் இடுவதைக் குறித்த வினை பிறந்தது. அது ஓரக்குறிப்பாகி, பிறகு பிறர் சொல்லை எடுத்துக்காட்டுவதாக விரிந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த ‘கோட்டா’வும் அந்த ‘எத்தனை’யின் பிள்ளைதான். ‘க்வோத்’ என்பது ‘க்வோட்’டின் பழைய இறந்தகாலம் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு.

‘க்வோத்’துக்கு ஒரே ஒரு வாரிசு உண்டு: ‘க்வோதா’. ‘க்வோத் ஹி’யை வேகமாகச் சொல்லிச் சொல்லி ‘ஹி’ தேய்ந்து வெறும் ‘அ’ ஆனதால் வந்தது. பொருளும் அதோடு மாறிவிட்டது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி முகம் சுளிக்கும் இடைச்சொல் அது. ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தில், கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய அரசன் தன் சாவைப் பற்றிப் பேச, மீனவர் ஒருவர் ‘டை, க்வோதா?’ என்கிறார். ‘சாவாராமே!’ என்றால் அந்தத் தொனி அப்படியே வந்துவிடுகிறது. நம் ‘ஆமே’யில் இருக்கிற கேலியும் நம்பிக்கையின்மையும் ‘க்வோதா’வில் இருக்கின்றன.

இனி சொல்விளையாட்டு. மேலே சொன்ன இலக்கணக் குறை முழுவதும் ஸ்கிராபிள் போர்டில் கண்ணுக்குத் தெரியும்.

எழுத்து டைல்களைப் போர்டின் கட்டங்களில் சொற்களாக அடுக்கும் இந்த ஆட்டத்தை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கினார். நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் புள்ளி வைத்தார். அதனால் அரிதான க்யூவுக்கு 10. மொத்தம் 100 டைல்களில் க்யூ ஒன்றே ஒன்று. ஹெச் இரண்டு, தலா 4 புள்ளி. யூ நான்கு, ஓ எட்டு, டி ஆறு, இவை தலா 1. ஆக ‘க்வோத்’ 17 புள்ளி. பழைய சி-டபிள்யூ எழுத்தே நீடித்திருந்தால் 13தான் தேறும். நார்மன் எழுத்தர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே நான்கு புள்ளி சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எந்தச் சொற்கள் செல்லும் என்று உலகின் பெரும்பகுதியில் பார்க்கப்படும் காலின்ஸ் பட்டியலிலும் வட அமெரிக்கப் பட்டியலிலும் ‘க்வோத்’, ‘க்வோதா’ இரண்டும் செல்லும். செல்லாதவை எஸ், ஈடி, ஐஎன்ஜி ஒட்டிய வடிவங்கள். புதிதாக ஆடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வினைதானே என்று பின்னால் எஸ் வைப்பார்கள், எதிராளி சேலஞ்ச் செய்வார் (செல்லாது என்று ஆட்சேபிப்பார்), சொல் போர்டைவிட்டு வெளியேறும், அந்த முறைக்குப் புள்ளி பூஜ்யம். நிகழ்காலமே இல்லாத வினைக்கு நிகழ்கால எஸ் எப்படி ஒட்டும்? முன்னாலும் எந்த எழுத்தும் ஒட்டாது. ஒட்டுவது பின்னால் ஓர் ஏ மட்டும்.

இதன் மதிப்பு ஆட்டத்தின் முதல் முறையில் தெரியும். நடுவரிசையான எட்டாம் வரிசையில், மையத்தின் எட்டாம் கட்டம் சொல்லின் புள்ளியை இரட்டிப்பாக்கும். இடப்பக்கம் நான்காம் கட்டமும் வலப்பக்கம் பன்னிரண்டாம் கட்டமும் எழுத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கும். ஐந்தெழுத்துச் சொல்லை நான்காம் கட்டத்தில் தொடங்கினால் எட்டாம் கட்டத்தில் சரியாக முடியும். க்யூ இரட்டிப்பில் விழுந்து 20 ஆகிறது, மற்ற நான்கும் சேர்ந்து 7, மொத்தம் 27, மையக் கட்டத்தால் 54. அதே சொல்லை எட்டாம் கட்டத்தில் தொடங்கிப் பன்னிரண்டில் முடித்தால் ஹெச் மட்டும் இரட்டிப்பாகி 42தான் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேறு எங்கே வைத்தாலும் 34. இடம் பார்த்து வைப்பதற்கு 20 புள்ளி கூலி.

‘க்வோட்’டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நான்காம் கட்டத்தில் தொடங்கினால் அது 48. ஆறு புள்ளி குறைவு என்பதைவிடப் பெரிய பிரச்சினை, அதன் வால் திறந்து கிடக்கும். இறந்தகால எழுத்து, ஆர், எஸ் என மூன்றில் எதை ஒட்டினாலும் எதிராளி உங்கள் க்யூவின் புள்ளியை மறுபடி எண்ணிக்கொள்வார். எஸ் வைத்து அப்படியே செங்குத்தாக ஒரு நீளச் சொல் இறக்கினால் உங்கள் முன்னிலை கரைந்துவிடும். ‘க்வோத்’தின் வாலில் ஏ ஒன்றுக்குத்தான் இடம். அந்த ஹூக்கையும் (சொல்லின் முனையில் ஒட்டும் எழுத்தையும்) எல்லோரும் அறிந்திருக்கமாட்டார்கள். அறிந்தவர் ஒன்பதாம் கட்டத்தில் ஏ வைத்துச் செங்குத்தாக ஆடினால் ‘க்வோதா’வுக்கு 18, அவருடைய சொல்லுக்குத் தனி.

அந்த ஏ உங்கள் கையிலேயே இருந்தால்? ‘க்வோதா’வாகவே தொடங்கலாம். நான்காம் கட்டத்திலிருந்து ஒன்பது வரை, 56 புள்ளி. கூடுதல் இரண்டுதான், ஆனால் ஹூக் மூடிவிடும். ரேக்கில் (கையிலுள்ள ஏழு டைல்களை வைக்கும் தாங்கியில்) மீதமுள்ள ஒரே டைல் மெய்யெழுத்து என்றால் ஏவை வைத்துக்கொள்வது நல்லது. அது உயிரெழுத்து என்றால் தயங்காமல் போட்டுவிடுங்கள்.

போர்டின் ஓரத்திலும் இதே வடிவம் இருக்கிறது. முதல் வரிசையின் நான்காம் கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்கும், எட்டாம் கட்டம் சொல்லை மும்மடங்காக்கும். அங்கே ‘க்வோத்’ அமர்ந்தால் 27இன் மும்மடங்கு, 81. கீழ்வரிசையிலும் இரு பக்க ஓரங்களிலும் இதே கணக்குதான். ஏழு டைலையும் கொட்டி 50 போனஸ் வாங்கும் பல சொற்களைவிட இது அதிகம்.

ஆனால் இதற்காகக் காத்திருப்பது மூடத்தனம். எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்களை விட்டுக் கணக்கிட்டால், இந்த ஐந்து டைல்களைத் தேர்ந்தெடுக்க 384 வழிகள் (1, 4, 8, 6, 2 ஆகியவற்றின் பெருக்கல்). ‘க்வோட்’டுக்கு ஈ பன்னிரண்டு இருப்பதால் 2,304 வழிகள், சரியாக ஆறு மடங்கு. ஹெச் வரட்டும் என்று க்யூவைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு முறை ஆறு டைலோடு ஆடுபவர் அதற்குள் இழப்பது 17ஐவிட அதிகமாக இருக்கும். யூ கையில் இல்லையென்றால் க்யூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லில் தள்ளிவிடுவதே வழக்கம், இரண்டு பட்டியலிலும் அது செல்லும். எதிராளி டைல்களை முடிக்கும்போது க்யூ உங்கள் ரேக்கில் தங்கினால் உங்களுக்கு 10 குறையும், அவருக்கு 10 கூடும், வித்தியாசம் 20.

சாசரின் ‘க்வாட்’ வடிவத்தை வைத்தால் செல்லுமா? செல்லும், 14 புள்ளி. வேடிக்கை என்னவென்றால் பட்டியலில் அது இருப்பது ‘சொன்னான்’ என்ற பொருளுக்காக அல்ல. சிறையைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்றுக்கும் அதே எழுத்து. அது பெயர்ச்சொல் என்பதால் எஸ்ஸும் ஒட்டும்.

ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தில் ‘க்வோத்’தை உள்ளிடலாம், ஏற்றுக்கொள்ளும். தொடக்கச் சொல்லாக அது உதவாது, க்யூவில் ஒரு கட்டத்தை வீணாக்குவீர்கள். முதல் நான்கு கட்டங்களும் பச்சையாகி (சரியான எழுத்து, சரியான இடம்) ஐந்தாவது மட்டும் தெரியாமல் நிற்கும்போதுதான் இந்தச் சொல் நினைவில் இருக்கவேண்டும். அப்போது கடைசி எழுத்து ஏ, ஈ, ஹெச் மூன்றில் ஒன்று: கோட்டா, க்வோட், க்வோத். இரண்டு வாய்ப்பு மீதமிருந்தால் ஒவ்வொன்றாக முயலாதீர்கள். குளித்தலைக் குறிக்கும் ‘பேத்’ (பி, ஏ, டி, ஹெச், ஈ) என்று ஒருமுறை போடுங்கள். ஏ மஞ்சளானால் (எழுத்து உண்டு, இடம் வேறு) கோட்டா, ஹெச் மஞ்சளானால் க்வோத், ஈ நிறம் மாறினால் க்வோட். அடுத்த முறையில் முடிந்தது. ஹார்ட் மோடில் பச்சை எழுத்துகளை அதே இடத்தில் திரும்ப வைத்தாக வேண்டும் என்பதால் அங்கே இந்த வித்தை நடக்காது.

எழுத்துப் பகடைகளைக் குலுக்கி, தொட்டுக்கொண்டிருக்கும் எழுத்துகளில் சொல் தேடும் போகிளில் க்யூவும் யூவும் பகடையின் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கும். ஆகவே நான்கு பகடைகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஐந்தெழுத்துச் சொல், 2 புள்ளி. ஏ பக்கத்தில் இருந்தால் 3.

குறுக்கெழுத்தில் இதன் அடையாளம், ‘சொன்னான்’ என்ற பொருளோடு ஒட்டிவரும் ‘ஒருகாலத்தில்’, ‘முன்பு’, ‘பழையபடி’ போன்ற சொல். கட்டம் ஐந்து. ஆனால் அதே குறிப்புக்கு இன்னொரு ஐந்தெழுத்து விடையும் உண்டு: ‘ஸ்பேக்’. பேசுதலின் பழைய இறந்தகாலம் அது. பேனாவில் எழுதிவிட்டுப் பிறகு அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மாட்டுகிறார்கள். நல்லவேளையாக இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவில்லை. குறுக்கே ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

‘தி ஹிண்டு’வில் வருவது போன்ற, குறிப்பிலேயே விடையைச் சொல்விளையாட்டாக ஒளித்துவைக்கும் கிரிப்டிக் வகையில் இதை இரண்டு விதமாகப் பிரிப்பார்கள். ஒன்று, ‘மேற்கோள் காட்டு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டி, பென்சிலின் கடினத்தைக் குறிக்கும் ஹெச்சை ஒட்டுவது. ‘முடிவில்லாமல்’, ‘கடினமான’ என்ற இரண்டு சொற்களும் குறிப்பில் தெரிந்தால் இப்படி முயலுங்கள். இன்னொன்று, ஒளிந்திருக்கும் விடை. ‘ஸ்டேட்டஸ் க்வோ’ என்ற தொடர் க்யூ-யூ-ஓவில் முடிகிறது. அடுத்த சொல் டி-ஹெச்சில் தொடங்கினால் போதும், இடைவெளியைத் தாண்டி ‘க்வோத்’ முழுசாக நிற்கும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ‘த’ என்ற சுட்டே டி-ஹெச்சில் தொடங்குவதால் குறிப்பு எழுதுபவருக்கு இது மிக வசதி. ‘க்விட் ப்ரோ க்வோ’வும் அப்படித்தான். குறிப்பில் இந்த இரண்டு தொடர்களில் ஒன்று தென்பட்டால் முதலில் அதன் வாலைப் பாருங்கள்.

இந்த வினையின் குடும்பம் வேறொரு பெயரில் வேலையில் இருக்கிறது. ‘க்வெதன்’ முன்னால் ‘பி’ என்ற முன்னொட்டு சேர்ந்து வந்ததுதான் உயிலில் சொத்தை எழுதிவைப்பதைக் குறிக்கும் ‘பிக்வீத்’. வாயால் அறிவித்துக் கொடுப்பது என்ற பழைய பொருள் அதற்குள் இருக்கிறது. தாய் வினை வடிவங்களை இழந்தாலும் இது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது, ஈடியும் எஸ்ஸும் சிக்கலின்றி ஒட்டும். இதன் பெயர்ச்சொல் ‘பிக்வெஸ்ட்’. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அந்தச் சொல் நிறைந்து கிடக்கிறது.

‘பிக்வெஸ்ட்’ ஏழெழுத்து. ஸ்கிராபிளின் முதல் முறையில் அது மொத்தமாகக் கையில் வந்தால், நடுவரிசையில் இரண்டாம் கட்டத்தில் தொடங்குங்கள். மூன்றாம் எழுத்தான க்யூ நான்காம் கட்டத்து இரட்டிப்பில் விழும், கடைசி எழுத்து மையத்தில் நிற்கும். எழுத்துகள் 28, இரட்டித்து 56, போனஸ் 50, மொத்தம் 106. வாலில் எஸ் ஒட்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம், எதிராளியும் மறக்கமாட்டார்.